வாயை அடைத்த அடைப்புக்குறி

2003 நவம்பர் முதல் வாரம். லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் அப்போது பிட்கீப்பர் என்ற மென்பொருளில் பராமரிக்கப்பட்டு வந்தது. அதைத் தொட விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ் என்ற பழைய ஏற்பாட்டில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். அந்த நகலில் மட்டும், மூலத்தில் இல்லாத இரண்டு வரிகள் முளைத்திருந்தன. மூலமும் நகலும் ஒத்துப்போகவில்லை என்று பிட்கீப்பரை உருவாக்கிய லாரி மெக்வாய் கண்டு சொன்னார்.

வரிகள் பார்வைக்குச் சாதுவானவை. 'வெயிட்4' என்ற சிஸ்டம் காலை யாராவது இரண்டு குறிப்பிட்ட குறிகளைச் சேர்த்து அழைத்து, அவர் ரூட்டாகவும் இருந்தால், பிழை என்று திருப்பி அனுப்பு. அவ்வளவுதான். ஆனால் '==' இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை '=' இருந்தது. சி மொழியில் இரட்டைச் சமக்குறி ஒப்பிட்டுப் பார்க்கும். ஒற்றைச் சமக்குறி மதிப்பை ஏற்றிவிடும். பயனர் எண்ணில் பூஜ்யத்தை ஏற்றினால் அந்தப் பயனர் அந்த நொடியே ரூட் ஆகிவிடுவார். சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் கணினியின் எஜமானர் ஆகலாம்.

இப்படி நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறி வந்தால் ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கும். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சமக்குறியைச் சுற்றித் தனியாக ஓர் அடைப்புக்குறி போட்டிருந்தால், எழுதியவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். அந்த வரியில் அடைப்புக்குறி இருந்தது. எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கம்பைலர் எங்கே வாய் திறக்கும், எங்கே மூடும் என்பதை நன்றாக அறிந்தவர் என்பது மட்டும் தெரிகிறது.

ஓர் இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்டி எழுப்பியவர்களுக்கு அந்த எச்சரிக்கைகள் பழக்கமானவை. கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனால், திரும்பி வரும்போது திரை நிறையக் கோப்புப் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே 'வார்னிங்' என்ற சொல் எட்டிப்பார்க்கும். பில்ட் முடிந்துவிட்டது, கணினி பூட் ஆகிறது, பிறகென்ன என்று பெரும்பாலோர் கடந்துபோவார்கள். அப்படிக் கடந்துபோகலாமா கூடாதா என்ற சண்டைக்கு ஏறக்குறைய ஐம்பது வயதாகிறது.

சி மொழியின் தொடக்க நாட்களில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. 1973இல் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் கெர்னலை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். ரிட்சியின் கம்பைலர் பேச்சு குறைந்தது. கொடுத்ததை இயந்திர மொழிக்கு மாற்றும். பெரிதாகக் கேள்வி கேட்காது. பிடிபி-11 கணினியில் முழு எண்ணுக்கும் 16 பிட், நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்டருக்கும் 16 பிட். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டாலும் வேலை நடந்தது. நடந்ததால் எல்லோரும் போட்டார்கள்.

வேறு வீட்டுக்குக் குடிபோகும்போதுதான் பழைய வீட்டில் எதையெல்லாம் சாய்த்து வைத்திருந்தோம் என்பது தெரியும். 1977 வாக்கில் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யுனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் இயந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிடிபி-11இன் சுவர்களில் சாய்ந்து நின்ற நிரல்கள் அங்கே வரிசையாக விழுந்தன. ஒரு கோப்பில் ஒரு ஃபங்ஷனை இரண்டு மதிப்புகளோடு எழுதியிருப்பார்கள். இன்னொரு கோப்பில் அதை மூன்றோடு அழைத்திருப்பார்கள். கோப்புகள் தனித்தனியே கம்பைல் ஆவதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜான்சன் தன்னுடைய 'பிசிசி' கம்பைலரைத் திருத்தி ஒரு சோதனைக் கருவி செய்தார். அது இயந்திர நிரல் எதையும் உருவாக்காது. மொத்தக் கோப்புகளையும் சேர்த்து வாசித்து, சந்தேகமானவற்றைச் சொல்லும்.

பெயர் 'லின்ட்'. துணியிலிருந்து உதிரும் பஞ்சுப் பிசிறு. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது வெளியுலகுக்கு வந்தது.

கம்பைலரையும் லின்டையும் பிரித்து வைத்ததற்கு அன்றைய காரணம் நியாயமானதே. கம்பைலர் விரைவாக வேலையை முடிக்க வேண்டும்; துருவிப் பார்ப்பதை லின்ட் ஆற அமரச் செய்யட்டும் என்றார்கள். ஆனால் தனியாக ஓட்ட வேண்டிய ஒன்றை அவசரத்தில் இருப்பவர் ஓட்டமாட்டார். ஓட்டினாலோ அது தொணதொணக்கும். 'பிரின்ட்எஃப்' திருப்பித் தரும் மதிப்பை நீ பார்க்கவில்லை என்று புகார் சொல்லும். உலகில் யார்தான் அதைப் பார்க்கிறார்கள்? அதனால் பழைய யுனிக்ஸ் நிரல்களில் 'பிரின்ட்எஃப்'புக்கு முன்னால் '(வாய்டு)' என்று ஓர் ஒட்டு இருக்கும். மனிதருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, லின்டின் வாயை அடைக்கப் போட்டது. இதற்கென்றே சிறப்புக் குறிப்புரைகளும் இருந்தன. 'நாட் ரீச்டு' என்று எழுதினால், நிரலின் ஓட்டம் இந்த இடத்துக்கு வராது என்று பொருள். 'ஆர்க்ஸ் யூஸ்டு' என்றால், பயன்படுத்தாத மதிப்புகளைப் பற்றிக் கேட்காதே. எச்சரிக்கை பிறந்தபோதே அதை அடக்கும் மந்திரங்களும் கூடப் பிறந்துவிட்டன. யுனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி குடும்பத்து நிரல்களில் அவற்றை இன்றும் காணலாம்.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசியை வெளியிட்டார். லின்ட் செய்த வேலையில் பெரும்பகுதி மெல்ல மெல்ல கம்பைலருக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கட்டளையில் 'டபிள்யூ-ஆல்' என்று சேர்த்தால் போதும். 'ஆல்' என்றால் எல்லாம் என்று நம்பிய தலைமுறைகள் உண்டு. உண்மையில் எல்லாம் கிடையாது. கணிசமான எச்சரிக்கைகள் அதற்கு வெளியே இருந்தன. பிறகு 'எக்ஸ்ட்ரா' வந்தது, அதற்கும் வெளியே இன்னும் பல. இந்தப் பெயரைப் போலப் பலரை ஏமாற்றிய பெயர் மென்பொருள் உலகில் குறைவு.

ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் இதை ஒழுங்காகக் கையாள முயன்றார்கள். ஆஸ்திரேலியரான புரூஸ் எவான்ஸ் அங்கே கண்டிப்பான தணிக்கையாளர் போல இருந்தார். அவர் பரிந்துரைத்த எச்சரிக்கைப் பட்டியலுக்கு அவருடைய முதலெழுத்துகளைக் கொண்டே 'பிடிஇ-சிஃப்ளாக்ஸ்' என்று பெயர். இயங்குதளத்தின் கையேட்டிலேயே அது இடம் பிடித்தது. இதே எவான்ஸ் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை 386 கணினிக்காகத் திருத்திய வடிவத்தை வைத்துக்கொண்டுதான் 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கினார் என்பது ஒரு கிளைக்கதை. ஃப்ரீபிஎஸ்டியில் ஒவ்வொரு நிரலும் 'வார்ன்ஸ்' என்ற மாறியில் தன் கண்டிப்பின் அளவை அறிவிக்கும். ஆறு என்றால் கடும் கண்டிப்பு. வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த நிரல்களுக்குக் குறைந்த எண். அடுத்தவர் நிரலில் எச்சரிக்கைக்காகக் கை வைத்தால், அவர் புதுப் பதிப்பு வெளியிடும்போது இணைப்பது தலைவலி. சொந்த வீட்டுக்கு ஒரு சட்டம், வாடகை வீட்டுக்கு ஒரு சட்டம்.

ஓபன்பிஎஸ்டியின் வழி வேறு. அங்கே கம்பைலரைத் தாண்டி, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரும் பேசும். 'எஸ்டிஆர்-காப்பி' என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்திய நிரலை இணைக்கும்போது, இதைப் பெரும்பாலும் தவறாகவே பயன்படுத்துகிறார்கள், 1998இல் ஓபன்பிஎஸ்டியே கொண்டுவந்த 'எஸ்டிஆர்-எல்-காப்பி'யைப் பயன்படுத்துங்கள் என்று அறிவுரை வரும். யாரோ எழுதிய நிரலை இறக்கிக் கட்டுகிறவர்களுக்கும் அந்த அறிவுரை கேட்கும். அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றாலும்.

அறிவுரை கேட்டு அதைச் சரிசெய்யப் போனவர் ஒருவரால் வந்த வினைதான் இந்த வரலாற்றின் மோசமான அத்தியாயம்.

2006இல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் தொகுப்பைப் பராமரித்த ஒருவர், குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தை வால்கிரைண்ட் என்ற கருவியில் ஓட்டிப் பார்த்தார். வால்கிரைண்ட் கம்பைலர் இல்லை; ஓடும் நிரலைக் கவனித்துப் புகார் சொல்வது. மதிப்பு எதுவும் ஏற்றப்படாத நினைவகத்தை இந்த நிரல் படிக்கிறது என்று அது திரும்பத் திரும்ப முறையிட்டது. தேடியதில் ஒரே மாதிரியான இரண்டு வரிகள் அகப்பட்டன. ஓபன்எஸ்எஸ்எல் தரப்பில் கேட்டும் பார்த்தார்; பெரிய ஆட்சேபம் எழவில்லை. இரண்டையும் முடக்கினார். புகார் நின்றது.

அவற்றில் ஒன்றை எடுத்ததால் கெடுதல் இல்லை. மற்றது, தற்செயல் எண்களை உருவாக்குவதற்கான கச்சாப் பொருளைக் கலவையில் சேர்க்கும் வரி. அது போனபின் கலவையில் மாறக்கூடியதாக எஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் வரிசை எண் மட்டும். அந்த எண்ணின் உச்சவரம்பு 32,768. அதாவது, எண்ணித் தீராதவை என்று உலகம் நம்பிய ரகசியச் சாவிகள், ஒரு வகைக் கணினியில் ஓர் அளவில் 32,768க்கு மேல் கிடையாது. ஒரு மடிக்கணினியை வைத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளலாம். 2006 செப்டம்பரில் உள்ளே போன மாற்றம், லூசியானோ பெல்லோ என்ற டெபியன் பங்களிப்பாளர் கண்டுபிடித்த பிறகு, 2008 மே 13 அன்று அறிவிக்கப்பட்டது. டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் அந்த இருபது மாதங்களில் உருவாக்கிய சாவிகளைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. கெட்ட சாவிகளின் பட்டியலே தனித் தொகுப்பாக விநியோகம் ஆனது.

அந்தப் பராமரிப்பாளரை ஏசியவர்கள் பலர். ஆனால் அவர் எச்சரிக்கையை அலட்சியம் செய்தவர் இல்லையே; அதை மதித்து வேலையில் இறங்கியவர். கவனிக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம்.

கெர்னல் உலகில் இதே சபலம் சின்னச் சின்ன வடிவங்களில் வந்துகொண்டிருந்தது. 'இந்த மாறியில் மதிப்பு ஏற்றாமல் படிக்கக்கூடும்' என்று ஜிசிசி சொல்லும். பல சமயம் அது தவறான அலாரம். நிரலாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள்: 'எக்ஸ் = எக்ஸ்' என்று எழுதுவது. தன் மதிப்பைத் தானே ஏற்றுக்கொள்ளச் சொன்னால் கம்பைலர் சமாதானம் ஆகிவிடும். இதற்கு கெர்னலில் தனி மேக்ரோவே இருந்தது. பின்னாளில் யாராவது பக்கத்து வரிகளை மாற்றி, மாறி உண்மையிலேயே காலியாகப் படிக்கப்பட்டாலும் கம்பைலர் பேசாது. ஏற்கெனவே லஞ்சம் வாங்கியாகிவிட்டது. நிஜமான பிழைகளை அது மறைத்ததால் 2020இல் அந்த மேக்ரோ கெர்னல் முழுவதிலிருந்தும் அகற்றப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஜிசிசி 10ஆம் பதிப்பு தன் கணினிக்கு வந்தபோது, டோர்வால்ட்ஸ் இந்த எச்சரிக்கையையும் இன்னும் சிலவற்றையும் இயல்பான பில்டிலிருந்து எடுத்துவிட்டார். பொய் அலாரங்களின் கூட்டத்தில் நிஜ அலாரம் கேட்காது என்பது அவர் கட்சி.

கம்பைலர் பேசாமலே கழுத்தறுத்ததும் உண்டு. 2009இல் 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது காலியா என்று சோதித்திருந்தார்கள். பயன்படுத்திய பிறகு காலியாக இருக்க வாய்ப்பே இல்லை என்று ஜிசிசி தர்க்கம் செய்து, சோதனையைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்லர் அந்த ஓட்டை வழியே கெர்னலைக் கைப்பற்றிக் காட்டினார். அதன் பிறகு, இப்படிச் சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்கே உத்தரவு போட்டுத்தான் கெர்னல் கட்டப்படுகிறது.

ஆப்பிளின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2014 பிப்ரவரி 21 அன்று ஐஓஎஸ் 7.0.6 அவசரமாக வெளிவந்தது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனையின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில், 'கோட்டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்திருந்தது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. அதற்குக் கீழே இருந்த சோதனை ஓடவே இல்லை. ஓட்டம் எட்டாத வரிகளைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை கிளாங் கம்பைலரில் இருந்தது, ஆனால் 'டபிள்யூ-ஆல்'க்கு வெளியே. ஜிசிசியிலோ அந்தப் பெயரைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும், எதுவும் செய்யாது. வேலை செய்யும் பகுதியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். வரிகளின் உள்தள்ளல் கண்ணை ஏமாற்றினால் சொல்லும் எச்சரிக்கையை ஜிசிசி 2016இல் சேர்த்தது.

கெர்னலில் பொறுமையான துப்புரவுப் பணிகளும் நடந்தன. சி மொழியின் 'ஸ்விட்ச்' கட்டமைப்பில் 'பிரேக்' போட மறந்தால் ஓட்டம் அடுத்த கிளைக்குள் வழிந்துவிடும். சில இடங்களில் அது வேண்டுமென்றே. சில இடங்களில் மறதி. 2017இல் வந்த ஜிசிசி 7 இதை எச்சரித்தது. வேண்டுமென்றே விட்டதென்றால் 'ஃபால் த்ரூ' என்று குறிப்புரை எழுதினால் போதும், கம்பைலர் குறிப்புரையைப் படித்துப் புரிந்துகொள்ளும். லின்டின் பழைய மந்திரம் நாற்பது ஆண்டுகள் கழித்து மறுபடி. கஸ்டாவோ சில்வா என்பவர் ஆயிரக்கணக்கான இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மறதி எது, மனமறிந்தது எது என்று பிரித்தார். இடையில் நிஜமான பிழைகளும் அகப்பட்டன. 2019இல் 5.3 பதிப்பில் அந்த எச்சரிக்கை நிரந்தரமாக இயக்கப்பட்டது. கிளாங் குறிப்புரைகளைப் படிக்காது என்பதால் பின்னர் குறிப்புரைகளை எல்லாம் ஒரு சொல்லாக மாற்ற வேண்டி வந்தது, அது தனி உழைப்பு.

2021 செப்டம்பர் 5 அன்று டோர்வால்ட்ஸுக்குப் பொறுமை தீர்ந்தது. ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் முழு பில்ட் செய்து பார்ப்பது அவர் வழக்கம். அங்கே எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஆனால் மற்றவர்களின் நிரல் எச்சரிக்கைகளோடு வந்தபடி இருந்தது. எல்லா எச்சரிக்கையும் இனி பிழையே, பில்ட் நின்றுவிடும் என்று 'டபிள்யூ-எரர்' விதியை எல்லோருக்கும் இயல்பாக்கினார். அவர் கணினியில் அமைதியாக இருந்த நிரல், வேறு செயலிகளிலும் வேறு கம்பைலர் பதிப்புகளிலும் சடசடவென்று உடைந்தது. சில நாட்களிலேயே விதி தளர்ந்தது: சோதனைக்காகக் கட்டுபவர்களுக்கு மட்டும் இயல்பு, மற்றவர்கள் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம்.

மூலநிரலைப் பயனர் கையில் கொடுக்கும் எந்தத் திட்டத்துக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. நிரலாளரின் கம்பைலரும் பயனரின் கம்பைலரும் ஒன்றாக இருக்காது. இன்று சுத்தமாகக் கட்டப்படும் நிரல், இரண்டு ஆண்டு கழித்து வரும் கம்பைலரின் புதிய எச்சரிக்கையால் நின்றுபோகும்; நிரலில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. நிரலாளர் தன் மேசையில் கண்டிப்பாக இருப்பது நல்லது. அதே கண்டிப்பை அனுப்பும் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டுவது, என் மதிப்பீட்டில், வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

டோர்வால்ட்ஸுக்கே அது 2025 ஏப்ரலில் நேர்ந்தது. ஃபெடோரா விநியோகத்தின் 42ஆம் பதிப்புக்கு மாறியதும் ஜிசிசி 15 வந்து, சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு இடமில்லை என்று பல இடங்களில் சொன்னது. நான்கு எழுத்துக் குறியீட்டை நான்கு இடங்களில் சரியாக வைத்திருந்த பழைய, பிழையற்ற வரிகள் அவை. 6.15இன் மூன்றாம் முன்னோட்டம் வெளியாகும் தறுவாயில் அவர் அங்கங்கே திருத்தங்களைத் தெளித்தார். அந்தத் திருத்தங்கள் முந்தைய ஜிசிசியில் வேறு எச்சரிக்கையைக் கிளப்பி, அங்கே பில்ட் உடைந்தது. இதே வேலையை முறையாகத் தயார்செய்து வைத்திருந்த கெர்னல் பங்களிப்பாளர் கீஸ் குக்குக்கு எரிச்சல். கடைசியில் அந்த எச்சரிக்கையே தற்காலிகமாக அணைக்கப்பட்டது.

இதற்கு முந்தைய ஆண்டில் இன்னும் பெரிய அதிர்வு நடந்து முடிந்திருந்தது. அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கக்கூடாது என்று சி மொழியின் தரம் 1999இலேயே சொல்லிவிட்டது. கம்பைலர்கள் அதை வெறும் எச்சரிக்கையாகவே வைத்திருந்தன. பழைய நிரல்கள் உடையுமே என்ற தயக்கம். 64 பிட் இயந்திரத்தில் இது விளையாட்டில்லை. அறிவிக்காத ஃபங்ஷன் 32 பிட் முழு எண்ணைத் தரும் என்று கம்பைலர் ஊகிக்கும். உண்மையில் அது முகவரியைத் தந்தால் பாதி வெட்டுப்படும். 2023இல் கிளாங் 16, 2024 மே மாதம் ஜிசிசி 14 இரண்டும் அதைப் பிழையாக்கின. கால் நூற்றாண்டு அவகாசம்.

லினக்ஸ் விநியோகங்களைக் கட்டுபவர்களுக்கு அங்கே ஒரு கண்ணிவெடி இருந்தது. பழைய தொகுப்புகளில் 'கன்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்ட் முதலில் ஓடும். கணினியில் இன்ன வசதி இருக்கிறதா என்று அறிய, ஒரு குட்டி நிரலை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். அந்தக் குட்டி நிரல்கள் பல அவசரத்தில் எழுதியவை, அறிவிப்புகள் இல்லாதவை. புதிய கம்பைலரில் அவை தோற்கும். வசதி இல்லை என்று 'கன்ஃபிகர்' முடிவு கட்டும். பில்ட் எந்தப் பிழையும் இல்லாமல் முடியும். ஒரு வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். ஃபெடோராவிலும் ஜென்டூவிலும் இதற்காகவே ஆயிரக்கணக்கான தொகுப்புகளை முன்கூட்டிச் சலித்தார்கள்.

லினக்ஸ் கெர்னலை நீங்களே கட்டிப் பார்ப்பதாக இருந்தால், இயல்பான பில்டில் எச்சரிக்கை பெரும்பாலும் தென்படாது. 2011 முதல் ஒரு வசதி இருக்கிறது: 'மேக்' கட்டளையோடு 'டபிள்யூ=1' என்று சேர்த்துக் கொடுங்கள். அடக்கி வைத்த எச்சரிக்கைகள் திரைக்கு வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியை மட்டும் பார்க்காமல் அந்த ஃபங்ஷன் முழுவதையும் படியுங்கள். முடிந்தால் அந்த வரி என்றைக்கு, எதற்காக உள்ளே வந்தது என்பதையும். பேட்ச் அனுப்புவது அதற்குப் பிறகு.